ஓடைப் பக்கம் காவல்

ஆல்வின் யெஷ்கே சுங்கக் காவலனாக அந்த ஜெர்மன் எல்லைக் கிராமத்துக்கு வந்தபோது, யாரும் அவனுக்கு அறை கொடுக்கவில்லை. பெல்ஜியத்திலிருந்து காப்பிக்கொட்டை கடத்தித்தான் பாதி ஊர் வயிறு கழுவியது. போரில் சொந்த ஊரைப் பறிகொடுத்து வந்தவன் என்று இரங்கி, விதவை ஒடிலியா மட்டும் மாடியறையைத் திறந்துவிட்டாள்.

அவள் மகன் மத்தேஸும் கடத்தல் மூட்டை சுமப்பவன் என்பது ஆல்வினுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அதைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு எனக்கு ஓடைப் பக்கம் காவல். ஒரே சேறு," என்பான் ஆல்வின், சூப்பைப் பார்த்தபடி.

"ஐயோ பாவம், சுங்கக்காரரே! பூட்ஸுக்கு நல்லா கொழுப்பு தடவிக்குங்க," என்று சிரிப்பான் மத்தேஸ். மறுநாள் அவன் காட்டுவழியே போவான். ஒடிலியா ஆல்வின் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைப்பாள்.

ஒரு நவம்பர் காலை, யாரோ துப்புக் கொடுத்தார்கள். மேலதிகாரி, ஓடைக்குப் புறப்பட்ட ஆல்வினைப் பாதி வழியில் மடக்கிக் காட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. மூடுபனியில் ஓர் உருவம் மூட்டையோடு ஓடியது.

"நில்லு!" என்று கத்தினான் ஆல்வின். நிற்கவில்லை.

"என்னய்யா பார்த்துட்டு நிக்கிற? சுடு!" என்றார் மேலதிகாரி.

ஆல்வின் மண்ணைக் குறிவைத்துச் சுட்டான். அதே நொடி, ஓடியவன் சரிவில் வழுக்கி, குண்டின் குறுக்கே விழுந்தான். புரட்டிப் பார்த்தபோது மத்தேஸ் கண்ணைத் திறந்து, "ஓடைன்னுதானே சொன்னீங்க?" என்றான். அதோடு அவன் மூச்சு நின்றது.

விசாரணையில் ஆல்வின்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. ஒடிலியா அவன் பெட்டியை வாசலில் வைத்திருந்தாள்.

"கடைசி நேரத்துல மாத்திட்டாங்கம்மா. சத்தியமா."

"என் சோத்தைத் தின்னுக்கிட்டே எம்புள்ளைக்கு வலை விரிச்சிருக்கீங்க. போயிடுங்க."

சில வருஷத்தில் அரசாங்கம் காப்பி வரியைக் குறைத்தது. கடத்தல் தானாக ஓய்ந்தது. ஆல்வினைத் துறைமுகச் சுங்கத்துக்கு மாற்றினார்கள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷந்தோறும் கல்லறைத் திருநாளுக்கு ரயிலேறி வந்து மத்தேஸுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான். அவனைக் கண்டால் ஒடிலியா கல்லறைத் தோட்டத்துக்குள் வரமாட்டாள். அவன் போகும்வரை வெளியே மழையில் நிற்பாள்.

இந்தத் தடவையாவது காது கொடுப்பாளா என்று ஒரு வருஷம் அவன் வந்தபோது, வெளியே யாரும் நிற்கவில்லை. கல்லில் மகன் பெயருக்குக் கீழே அவள் பெயரைப் புதிதாகச் செதுக்கியிருந்தார்கள்.