முதலாளி இல்லாத பத்திரிகை

பத்திரிகைக் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லத் தேவையில்லை: ஓசியில் நின்று வாசிக்கிறவர்தான் விலை கூடிவிட்டதென்று முதலில் முறைப்பாடு வைப்பார். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பேப்பர், சிகரெட், சுவிங்கம், காலையில் கோப்பி என்று ஒரு பெட்டிக்கடையை நெடுங்காலம் நடத்தினேன். முழங்கால் மறுத்துவிட்டதால் போன வருஷம் கைமாற்றிவிட்டேன். இப்போது ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் காலையில் என்னோடு வாதாட ஒருத்தரும் இல்லை. அந்த வாதாட்டத்துக்கு இவ்வளவு ஏங்குவேன் என்று நான் நினைக்கவேயில்லை.

அள்ளு அள்ளென்று விற்ற பத்திரிகைகள் ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. நிற்பது, இத்தாலியிலிருந்து ஒரு நாள் பிந்தி வரும் ஓர் இடதுசாரி நாளிதழும் அதை வாசித்த இரண்டு கிழவர்களும்தான். அவர்கள் ஜேர்மன் மொழியில் பேசியதெல்லாம் எனக்கு எங்கள் தமிழில்தான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர் ஏசுறது?

சல்வாத்தோரே சிசிலியில் பிறந்து, இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய தோழர் பிராங்கோ இரும்பாலையில் இருந்தவர். ஆலைச் சத்தத்துக்குமேல் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. கடை திறந்த புதிதில் இருவரும் சேர்ந்து வந்து அந்தப் பத்திரிகையை எடுப்பித்துத் தரமுடியுமா என்று கேட்டார்கள். அதென்ன பத்திரிகை என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கோப்பி ஆறும்வரை சரித்திரம் சொன்னார்கள். கேள்வி கேட்டதற்காகப் பொதுவுடைமைக் கட்சியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்கள் தொடங்கியதாம். கட்சிப் பணமும் இல்லை, பணக்காரன் பணமும் இல்லை. எழுதுகிறவர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். ஆசிரியருக்கும் தொலைபேசி எடுக்கிறவருக்கும் ஒரே சம்பளம்.

சிகரெட் வாங்க வந்த தேவன் அண்ணை இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர் அவர். முதலாளியின் ஏச்சு விழாத நாள் அவருக்கு விடுமுறை நாள்தான். "அப்ப வேலைக்குப் பிந்தி வந்தா ஆர் ஏசுறது எண்டு கேளுங்கோ அக்கா" என்றார். கேட்டேன். சல்வாத்தோரே பெருமூச்சு விட்டார். "எல்லாரும் ஏசுவினம். அதுதான் அங்கை பெரிய கரைச்சல்."

பந்து எங்கே?

அந்தப் பத்திரிகையின் முகம் தனி. முன்பக்கத்தில் ஒரு பெரிய படம், அதோடு அரசாங்கத்தை நக்கலடிக்கும் ஒரு குட்டித் தலைப்பு. அவ்வளவோடு சிரிப்பு முடிந்துவிடும். பக்கத்தைத் திருப்பினால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தொடக்க காலத்தில் படமே இருக்கவில்லையாம். அதை வாசித்துத்தான் தான் கண்ணாடி போட்டதாக சல்வாத்தோரே பெருமையாகச் சொல்வார்.

பக்கத்து பிட்சாக் கடைக்காரர் ஒரு நாள் தன் மொழிப் பத்திரிகையைக் கண்ட சந்தோஷத்தில் பாய்ந்து எடுத்தார். முன்னுக்கிருந்து பின்னுக்குப் புரட்டினார், பின்னுக்கிருந்து முன்னுக்கும் புரட்டினார். தொழிற்சங்கம், அகதிகள், பெண்விடுதலை, பக்கம் முழுக்க ஒரு புத்தக விமர்சனம். மெல்ல மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டத்திலை எங்கடை ஊர் வெண்டது. அதைச் சொல்லாட்டி இது என்ன இத்தாலிப் பத்திரிகை?"

பங்கு

நாளுக்கு இரண்டு பிரதி வரும், இரண்டும் போகும். பிறகு கிழவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. எதற்கு இரண்டு? ஒன்றை வாங்கி, காலையில் சல்வாத்தோரே வாசித்து, மத்தியானம் பிராங்கோவிடம் கொடுப்பார். பின்னேரம் அது இத்தாலியச் சங்கத்து மேசைக்குப் போகும். பார்க்க எனக்கும் நல்ல சந்தோஷம். ஆனால் விற்காத பத்திரிகையைக் கட்டித் திருப்பி அனுப்புகிறவள் நான்தானே. அதைக் கொண்டுபோகிற கொவால்ஸ்கி, விநியோக லொறிச் சாரதி, ஒரு நாள் தலையைச் சொறிந்தார். ஒவ்வொரு நாளும் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தால் மற்றதையும் இந்தத் தெருவுக்கு நிறுத்திவிடுவார்கள் என்றார். வேறு கடை என்றால் பக்கத்து நகரத்துக்குத்தான் போகவேண்டும். இரண்டு பேருக்கும் அது ஏலாத காரியம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. இருவரையும் கூப்பிட்டு, ஆளுக்கொன்று வாங்குங்கோ, இல்லாவிட்டால் இது நின்றுபோம் என்று பக்குவமாகச் சொன்னேன். சல்வாத்தோரே என்னை ஏதோ வங்கி முகாமையாளரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பொதுவுடைமைப் பத்திரிகையைத் தனித்தனியா வேண்டி வைச்சிருக்கச் சொல்லுறியளோ?"

பிளவு

அந்தக் கிழமையே பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. இடதுசாரிகள் கூட்டரசாங்கத்துக்கு ஆதரவு கொடுக்கலாமா கூடாதா என்பது விஷயம். கொடுக்கலாம் என்றார் பிராங்கோ. காட்டிக்கொடுப்பு என்றார் சல்வாத்தோரே. சுவிங்கம் தட்டுக்கு மேலால் கை நீட்டி நீட்டிக் கத்தினார்கள். கடைசியில் பிராங்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரே இயக்கமாகத் தொடங்கியவர்கள் பிரிந்து, பிரிந்தவர்கள் மறுபடி பிரிந்த ஊரிலிருந்து வந்தவள் நான். அந்தப் பிரிவுகளால் எங்களுக்குச் சாவுதான் வந்தது. இந்த இரண்டு கிழவர்களும் முகம் பார்க்காமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் விடிய சல்வாத்தோரே வந்து ஒன்று வாங்கினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகு பிராங்கோ வந்தார். "அந்தாள் வந்திட்டுப் போட்டாரோ?" என்று கேட்டுக்கொண்டு அவரும் ஒன்று வாங்கினார். எதிராளி வாசித்த பத்திரிகையைத் தொடுவாரா? அன்றிலிருந்து திருப்பி அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கொவால்ஸ்கியிடம் கதையைச் சொன்னேன். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு பேருக்குச் சண்டை மூட்டி விடுங்கோ, நாலாக் கொண்டு வாறன்."

மூடப்போகினமாம்

அந்தப் பத்திரிகை எப்போதும் மூடத்தான் போய்க்கொண்டிருந்தது. விளம்பரக்காரர் எட்டிப் பார்க்காத பத்திரிகை எப்படிப் பிழைக்கும்? இந்த முறை உண்மையாகவே கதவைச் சாத்தும் நிலை. வாசகர்கள் கை கொடுத்தால் எழுதுகிறவர்களே பத்திரிகையை மீட்டு எடுப்பார்களாம். அதற்காக, வழமையைவிட எத்தனையோ மடங்கு விலையில் ஒரு சிறப்பிதழ் வந்தது. கொவால்ஸ்கியைக் கெஞ்சி ஒரு கட்டு எடுப்பித்தேன். விடிய வந்த சல்வாத்தோரே பாதிக் கட்டுக்குச் சற்றுக் குறைய எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பிறகு வந்த பிராங்கோ, அந்தாள் எவ்வளவு எடுத்தது என்று கேட்டு, அதைவிட ஒன்று கூட எடுத்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் பல்வைத்தியரின் வரவேற்பறைவரை இத்தாலியப் பத்திரிகை கிடந்தது.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. தேவன் அண்ணை வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். விலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிகரெட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்தார். உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காதே அண்ணை என்றேன். "விளங்காட்டி என்ன? முதலாளி இல்லாமல் ஓரிடமாவது நடக்கட்டும்."

பத்திரிகை பிழைத்தது. செய்தி வந்த காலையில் நான் மற்ற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கோப்பி இலவசமாக ஊற்றினேன். ஏன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில்

கிழவர்கள் மட்டும் மாறவில்லை. ஒருவர் போனபிறகு மற்றவர் வருவார். தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சமாதானம் பேசலாம் என்று எனக்கு எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வரும். சமாதானமானால் பத்திரிகை ஒன்றாகும், ஒன்றானால் நின்றுபோகும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது என்னை உள்ளுக்குள் அரித்தது. வயதுபோன இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தவிர இந்த நகரத்தில் பேச ஆளில்லாதவர்கள்.

பிறகு சல்வாத்தோரேவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அவருடைய பிரதி கடையில் கிடந்தது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்றைக்கு எப்படியாவது சண்டையை விட்டு ராசியாகச் சொல்லிவிடுவது, பத்திரிகை நின்றால் நிற்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். நடைபாதையிலேயே அந்த இரும்பாலைத் தொண்டை கேட்டது. எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிராங்கோ இருந்து தன் பிரதியை உரத்து வாசிக்கிறார். சல்வாத்தோரே கண்ணை மூடிக்கொண்டு, தோழர் உரித்து வைத்த தோடம்பழச் சுளையைச் சாப்பிட்டபடி ஒவ்வொரு வரிக்கும் "பிழை, பிழை" என்கிறார்.

என்னைக் கண்டதும் இரண்டு பேரும் களவு பிடிபட்ட முகத்தோடு இருந்தார்கள். எப்போதிலிருந்து இந்த ராசி என்று கேட்டேன். பத்திரிகையை மீட்ட கிழமையிலிருந்தாம். அப்போ தெருவில் முகத்தைத் திருப்பியதும், அந்தாள் வந்தாரோ என்று கேட்டதும்? எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. பிராங்கோ பத்திரிகையை மடித்து மடியில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தணித்துப் பேசினார். "நாங்கள் ராசி எண்டு கொவால்ஸ்கிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, ரெண்டையும் நிப்பாட்டிப்போடுவார்."

ஒற்றுமை ஒற்றுமை என்று கத்தியே உடைந்துபோன எத்தனையோ கூட்டங்களைப் பார்த்த நான், இரண்டு கிழவர்கள் ஒழுங்காகச் சண்டை பிடித்து, என் கடை கைமாறிய நாள்வரை ஒரு பத்திரிகையை எங்கள் தெருவுக்கு வரவைத்தார்கள் என்பதற்கும் சாட்சி.