திறக்காத பைலும் சல்லித் திருவிழாப் பாட்டும்

இண்டைக்குக் கனடாவில இருந்து ஒரு கூட்டாளி பாட்டு ப்ரொஜெக்ட் அனுப்பினார். என்ர கொம்பியூட்டர்ல திறக்குதில்லை!

"புது வேர்ஷன் போடுங்கோவன்" எண்டார், வலு லேசா.

நாங்கள் ஆர்? சண்டைக் காலத்திலயே வேர்ஷனோட சண்டை பிடிச்ச ஆக்கள்!

அப்ப நான் சல்லி எண்ட ஊரில. என்னோட இசை செய்யிற நியாஸ் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணியில. பாட்டுச் செய்யிற சொஃப்ட்வெயாரில அவனிட்டப் புது வேர்ஷன், என்னட்டப் பழசு. (ரெண்டும் கள்ளக் கொப்பிதான், ஆருக்கும் சொல்லாதேங்கோ.)

எங்கட முதல் பாட்டு. அம்மன் கோயில் திருவிழாவுக்கு.

ஸ்பீக்கர் கட்டுற மணியண்ணை சொல்லிப்போட்டார்: "சாமி வெளிய வர முன்னம் தந்தாப் போடுவன். இல்லாட்டிப் பழைய கசெட்தான்."

நியாஸ் இசையைச் செய்து சிடியில தந்தான். ஃபெரி, செக்பொயிண்ட் எல்லாம் தாண்டிக் கொண்டுவந்து, என்ர குரலைச் சேப்பமெண்டு போட்டால், பைல் திறக்க ஏலாதாம்!

திரும்பப் போனன். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஓடியோவா எடுத்தம். வீட்டை வந்து போட்டால் தவில் ஒரு பக்கம் ஓடுது, புல்லாங்குழல் இன்னொரு பக்கம் ஓடுது! எது எங்க தொடங்கிறதெண்டே தெரியேல்லை.

அழுகை வந்திட்டுது, சத்தியமா.

போனில நியாஸ் கத்தினான்: "விடுறதுக்கா இவ்வளவு பாடுபட்டம்? வா மச்சான்! எல்லாத்திலயும் முன்னுக்கு ஒரு கைதட்டு வைப்பம். தட்டெல்லாம் ஒரே இடத்தில வந்தாப் பாட்டும் சரியா வரும்."

மூண்டாந்தரமும் போனன். செக்பொயிண்ட்ல ஆமிக்காரன் சிடியைப் பாத்திட்டு, "இண்டைக்கும் பாட்டா?" எண்டான்.

"ஓம் சேர், இண்டைக்கும் பாட்டுத்தான்!"

இந்த முறை எல்லாம் பொருந்திச்சு. என்ர குரலையும் சேத்து, ஓடிப்போய் மணியண்ணையிட்டக் குடுத்தன்.

சாமி வெளிய வருது. போட்டார்.

டப்!!

கைதட்டை வெட்ட மறந்திட்டன்! எல்லா வாத்தியத்தின்ர தட்டும் ஒண்டாச் சேந்து, பெரிய ஸ்பீக்கர்ல அசல் வெடிச்சத்தம்.

குண்டெண்டு நினைச்சுச் சனம் முழுக்க நிலத்தில. சாமி தூக்கினவை மட்டும் அப்பிடியே நிண்டவை, பாவங்கள்.

எனக்கு உயிரே போச்சு.

பாட்டுத் தொடங்கிச்சு. ஒவ்வொருத்தராத் தலையைத் தூக்கிச்சினம். மணியண்ணை என்னை முறைச்சுக்கொண்டு நிப்பாட்டக் கையை நீட்டினார்.

ஒரு மாமி சீலையில மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினா.

"நிப்பாட்டாதை மணி! இவ்வளவு சனமும் விழுந்து கும்பிட்டாச்சு. இனி முழுசாப் போடு!"

முழுசாப் போட்டார்.

மாமி, எங்க இருந்தாலும் நல்லா இருங்கோ!