பட்டினிக்கும் அசையாத எடை

பெண்கள் ஜிம்மில் எடை எழுதுகிற வேலை, பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற வேலை மாதிரிதான்; மெஷினில் கால் வைக்கும் முன்னேயே எல்லாரும் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஏழாம் வகுப்போடு நின்ற நான், மார்த்தாண்டத்தில் இருக்கிற இந்த ஜிம்முக்குத் தரை துடைக்கத்தான் வந்தேன். எண்களைத் தெளிவாக எழுதுகிறேன் என்று ஜிம்மை நடத்துகிற மேடம் எடை நோட்டைக் கையில் தந்தார். அரை வயிறு தின்றும் குறையாதவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்கள் கூட்டம்தான்.

மெஷின் மேல் பழி

கருங்கல் ஊரிலிருந்து வரும் மெர்லின் அக்காவுக்கு இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு குடலிறக்கம். ஐந்து கிலோ குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்க மட்டும் அனுமதி. கல்ஃபில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஈஸ்டர் சமயத்தில் ஒரு மாதம் லீவு. அதற்குள் ஆபரேஷன் முடிந்தால்தான் இரண்டு பிள்ளைகளையும் பார்க்க ஆள் உண்டு.

அதனால் அக்கா காலையில் ஒரு சப்பாத்தி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி பால் சேர்க்காத கட்டன் சாயா என்று கிடந்தார். முதல் வாரம் ஒன்றரை கிலோ போனது. பிறகு மூன்று வாரம் ஒரே எண். என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, எனக்க வயிறு காயுது, உனக்க சவத்து மெஷினுக்கு அது தெரியல்ல பாத்துக்கோ!"

நடந்தபோது

மறுநாள் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவர் கண் இருட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டார். நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தி, உட்காரவைத்து, உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி கொடுத்தேன். "இப்படிப் பட்டினி கிடக்க யார் சொன்னது?" என்று மேடம் சத்தம் போட்டார்.

அக்கா போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ரொம்பக் குறைத்துத் தின்றால் உடம்பு பயந்து எடையைப் பூட்டிவைத்துவிடுமாம். "கொஞ்சம் மெதுவாகும், அது உண்மைதான். ஆனா ஒரேயடியா நிக்காது. எங்கேயோ ஏதோ உள்ளே போகுது" என்றார் மேடம். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்க பிள்ளைகளாணை மேடம், நான் கள்ளம் தின்னல்ல!"

தூக்குச்சட்டி

அக்கா பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். என் மகன் கடித்துவைத்த தோசையைக் குப்பையில் போட எனக்கும் கை வராதே. அதையெல்லாம் தின்றதாகவே நாம் நினைப்பதில்லை. வருகிறவர்களிடம் நான் வாய் திறப்பதே இல்லை. அன்று கண்ணாடி துடைத்துக்கொண்டே, முகம் பார்க்காமல் சொன்னேன்: "அக்கா, நாளைக்கு உக்காந்து வயிறு நிறையத் தின்னுங்க. நின்னுட்டு வாயில போடுறத மட்டும், வாய்க்குப் பதிலா ஒரு தூக்குச்சட்டில போடுங்க."

இரண்டு நாள் கழித்துத் தூக்குச்சட்டி வந்தது. திறந்தால், பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை, உப்புப் பார்க்க எடுத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், துருவும்போது ஒடித்த தேங்காய்த் துண்டு, நேந்திரங்காய் சிப்ஸ், பாதி முந்திரிக்கொத்துப் பலகாரம். ஒரே நாளில் சட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. மேடம் சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல்முறையாக நான் தலை குனியவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பாடு. மிச்சமெல்லாம் வீட்டுக் கோழிக்கு. எடை இறங்கத் தொடங்கியது. ஐந்தாவது கிலோ போன நாளில் அந்த எண்ணை நான் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். லீவுக்குள் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இப்போது புதிதாக யார் வந்தாலும், மேடம் முதலில் என்னிடம்தான் பேச அனுப்புகிறார்.

தையல் ஆறியதும் மெர்லின் அக்கா ஜிம்முக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, நான் மெலிஞ்சது எனக்க வீட்டுக்காரருக்கக் கண்ணுல படவே இல்ல, கோழி எப்பிடி இப்பிடிக் கொழுத்துதுன்னு கேக்காவ!"

ஆக, பெற்றவளுக்குப் பட்டினி கிடப்பது லேசு, பிள்ளை மிச்சம் வைத்த தோசையை விடுவதுதான் பெரும்பாடு.