புரட்டினால் வலது பாதம்

"ஆடி மூன்றாம் வெள்ளி. தகரப் பாதம் ஒன்று, அண்ணனுக்கு. வலது." என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அதன் கீழே, தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படம். நகங்கள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஆனால் படத்தில் இருப்பது இடது பாதம்.

ஏம்பலத்தில் கரும்பு வைத்திருக்கும் என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய். வலது பெருவிரலடியில் வந்த புண் பொங்கலிலிருந்து ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணி, வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். நோய்ப்பட்ட உறுப்பைப் போல அடித்த தகட்டை அங்கே வாசலில் விற்பார்கள். அதை அந்த இடத்தில் தடவி உண்டியலில் போட்டால் நோயும் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். கடையில் கண், கை, வயிறு எல்லாம் இருந்தன. பாதத்தில் இடது மட்டும்தான்.

"வலது இல்லியா?" என்றார் அண்ணி.

"இருக்குதே." கடைக்காரம்மா அதே தகட்டைப் புரட்டிப் பிடித்தார். மேடாக இருந்த விரல்கள் பள்ளமாயின. பெருவிரல் மறுபக்கம் போனது. "இப்ப இது இன்னா காலு, அக்கா?"

"யம்மாடி, நல்லா கீது உன் வியாபாரம்!"

"ஆத்தாவுக்கு ரெண்டு பக்கமும் தெரியும்க்கா. பள்ளம் மேல தெரியறாப்புல புடிச்சித் தடவு, அவ்ளோதான்."

நான் படம் எடுத்தது மேட்டுப் பக்கத்தில், அதனால்தான் இடது. அண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. அண்ணி அவர் வலது செருப்பைக் கழற்றி, பள்ளம் மேலே தெரியத் தடவினார். பிறகு உண்டியலில் போட்டார். தகடு விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஐப்பசியில் புண் ஆறியது. கார்த்திகையில் ஒரு நாள் காலையில், அண்ணன் நடந்துபோன சிமெண்ட் தரையில் ஈரத் தடங்களைப் பார்த்தார் அண்ணி. இடது தடங்கள் மட்டும், சீழின் ஈரம். இடது பெருவிரலடியில், அதே இடத்தில், அதே அளவில் புண். அண்ணனுக்கு வலியே தெரியவில்லை.

"உண்டியலுக்குள்ள போயி தகடு புரண்டுகிச்சி போலக் கீது" என்று சிரித்தார் அண்ணன். அண்ணி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் திரும்பும் வழியிலேயே அதே கடையில் இன்னொரு பாதம் வாங்கினார்.

அண்ணன் தடவ விடவில்லை. "வேணாம்டி. இது ஆறி, மறுபடி அந்தக் காலுக்குப் போச்சின்னா? ரெண்டுக்கும் நடுவுல பஸ்ஸு வுடுவியா?"

தகடு இப்போது கூடத்தில் ஒரு நூலில் தொங்குகிறது. ஃபேன் காற்றில் வலது, இடது, வலது என்று திரும்புகிறது. ஃபேனை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுகிறது. அது எந்தப் பக்கமாக நிற்கிறது என்று அண்ணி பார்ப்பதில்லை. அண்ணன் பார்க்கிறார்.

போன வாரம் அண்ணி என்னிடம் கேட்டார்: "நீதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிறியே தம்பி. அன்னிக்கே இடது கால்லயும் புண்ணு இருந்துச்சா? இருந்துச்சின்னா இது வலது கால்லேர்ந்து வந்தது இல்ல. அந்த ஒரு வார்த்த சொல்லு, தகட்டத் தடவி நாளைக்கே போயி உண்டியல்ல போட்டுட்டு வந்துர்றேன்."

அப்போதைய ஆஸ்பத்திரிச் சீட்டில் வலது கால் மட்டுமே எழுதியிருக்கிறது. இடது செருப்பை அன்று யாரும் கழற்றவில்லை. ஆடி மூன்றாம் வெள்ளியன்று அண்ணனின் இடது பாதத்தில் புண் இருந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.