2.47-க்கு 86 டெசிபல்

இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நேரமும் எண்ணும் கருவியில் இருக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. சுங்கை பட்டாணியில் ஃபேக்டரி இரவு ஷிஃப்டை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. குடியிருப்புகளில் ரயில், சாலைச் சத்தத்தை அளந்து கொடுக்கும் சில்வெஸ்டர் அண்ணன்தான் வேலை கொடுத்தார். அதுவும் இரவு வேலை.

"ராத்திரி ஷிஃப்ட் பிடிக்கலன்னுதானே ஓடி வந்த?"

"அங்க நிக்கணும்ண்ணே. இங்க உக்காரலாம்."

"உக்காரு. தூங்கிடாத லா."

இடம், பெடோங் பக்கம் ஒரு குடியிருப்புத் தாமான். தண்டவாளத்திலிருந்து இருபது மீட்டரில் தேவகி அக்கா வீடு. கைக்குழந்தை படுக்கும் அறையின் ஜன்னலுக்கு ஒரு மீட்டர் முன்னால் முக்காலியில் கருவியை நிறுத்தினேன். அக்கா குழந்தையைத் தோளில் போட்டபடி பால் விடாத தே-ஓ கொண்டு வந்தார்.

"அறுபது தாண்டணுமாம் தம்பி. தாண்டினாத்தான் தடுப்புச் செவுரு கட்டுவாங்களாம். ரயில் போறப்பல்லாம் பிள்ள தூக்கிப் போட்டு எந்திரிக்குது. நாலு மாசமா தூக்கம் இல்ல."

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"நாலு."

இரவுச் சராசரி அறுபது டெசிபல். அதற்காகத்தான் நான் விடிய விடிய உட்கார வேண்டும். பெரிய சத்தம் ஒவ்வொன்றையும் தாளில் எழுத வேண்டும். எத்தனை மணி, எந்த வண்டி, எத்தனை டெசிபல். எதனுடைய சத்தம் என்று தெரியாவிட்டால் அதை அடித்துவிட வேண்டும். கணக்கில் சேராது.

10.14. பயணிகள் ரயில். 79.

11.40. சரக்கு ரயில். 83.

12.25. மெயின் ரோட்டில் லோரி. 66.

ஒரு மணியிலிருந்து ஐந்து வரை தண்டவாள வேலை, ரயில் கிடையாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன். திரையில் எண் 41-இலேயே கிடந்தது. இப்படியே போனால் அறுபது வராது என்று தெரிந்துவிட்டது.

2.46. தவளைச் சத்தம் நின்றது.

2.47. எண் ஏறியது.

48... 57... 69... 80... 86.

நிமிர்ந்து பார்த்தேன். தண்டவாளத்தில் எதுவும் இல்லை. வெளிச்சம் இல்லை. தரை அதிரவில்லை. காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

எண் மட்டும் 86.

ஒரு நிமிடம் பத்து வினாடி. பிறகு ரயில் கடந்து போகும்போது இறங்குவது போலவே இறங்கியது. 80... 69... 57...

41-க்குப் போகவில்லை.

54. 58. 43. 56. 43.

அந்த ஏற்ற இறக்கம் எனக்குப் பழக்கம். கருவிக்குப் பக்கத்தில் நின்று யாராவது பேசினால் இப்படித்தான் ஆடும்.

அங்கே யாரும் இல்லை.

"யாரு?"

என் குரலுக்கு 63.

பிறகு 41.

பிறகு... 63.

நான் வாயைத் திறக்கவில்லை.

நிறுத்திவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் அந்த இரவின் அளவு செல்லாது. காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஏழு மணி வரை கிடந்தேன்.

காலையில் கணக்குப் போட்டேன். 2.47-ஐ அடித்தால் சராசரி 57.2. சேர்த்தால் 60.3. தோளில் குழந்தையோடு தேவகி அக்கா வாசலில் நின்றார்.

"வந்துச்சா தம்பி?"

தாளில் எழுதினேன். 2.47. சரக்கு ரயில். 86.

"வந்துடுச்சுக்கா."

யாரும் சரிபார்க்கவில்லை. அடுத்த ஏப்ரலில் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுந்தது.

கட்டிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இந்த முறை இரண்டு கருவிகள். சுவருக்கு அப்பால் தண்டவாளப் பக்கம் ஒன்று, அதே ஜன்னல் முன் ஒன்று. ஆள் தேவையில்லை, தானாகப் பதியும். இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு செமிலிங்கில் என் அறைக்குப் போய்விட்டேன். இரவு முழுக்க அங்கேதான் இருந்தேன்.

காலையில் இரண்டையும் திறந்து பார்த்தேன்.

2.47. அப்பால், 36.

ஜன்னல் முன், 86.

பிறகு 54. 58. 43. 56... விடியும் வரை.

தேவகி அக்கா வெளியே வந்தார். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள்.

"ரயில் சத்தமே இல்ல தம்பி. செவுரு நல்லாத்தான் வேல செய்யுது. ஆனா நீங்க ஏன் ராத்திரி பூரா ஜன்னல்கிட்ட நின்னு பேசுனீங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பிள்ள பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. அது சிரிச்சுக்கிட்டே ஜன்னலுக்குத் தவழ்ந்து போகுது. பேர யாரு உங்களுக்குச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை.

அந்தக் குழந்தையின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.