மவுண்ட் எந்த எலும்பு?

என் பழைய காருக்குப் போன வாரம் வேறு எஞ்சின் மாற்றினேன். ஓடும்போது சமர்த்து. நின்றால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து என் பல்லும் ஆடுகிறது. "இந்த நடுக்கத்துல நான் திருப்பதிக்கு வரமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நேற்று கீழே படுத்துப் பார்த்ததில், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்று பிய்ந்திருந்தது. இன்று அதை வாங்க நகரியிலிருந்து, எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் பூ விற்கும் ஓர் அக்கா பக்கத்தில் காரை நிறுத்தி, "அக்கா, மவுண்ட் ஒடஞ்சி போச்சி, எங்க போவணும்?" என்று கேட்டேன்.

ஸ்டீயரிங்கின் மேல் உதறிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார்.

"ஐயோ நைனா! ஒடஞ்ச கையோடயா வண்டி ஓட்டிக்கினு வந்த?"

"கை இல்லக்கா, மவுண்ட்."

"அது எந்த எலும்பு?"

விளக்கிச் சொல்லலாம் என்று எஞ்சினை அணைத்தேன். கை உதறுவது நின்றது.

அக்கா முகத்தில் அப்படியொரு பெருமை. "பாத்தியா! கட்டே போடல, எங்க ஊர் மண்ணுல வந்து நின்னதுக்கே நடுக்கம் நின்னுபோச்சி!"

மறுக்க மனசு வரவில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மவுண்ட் இன்னும் கிடைக்கவில்லை. புத்தூரில் காருக்குக் கட்டுப் போடுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மா காத்திருக்கிறாள்.