கூடத்துத் தரை சுட்ட கதை

கச்சிராயபாளையத்தில் வீடு கட்டியபோது, வெந்நீர்க் குழாய் விஷயத்தில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. மார்கழியில் மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் குளிருக்குப் பயந்து மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்தோம். அதிலிருந்து குளியலறைக்குப் போகும் பைப் கண்ணில் படக்கூடாது என்பது என் பிடிவாதம். கூடத்துத் தரைக்கடியில் கொண்டுபோய், மேலே கான்கிரீட் போட்டு மூடச் சொன்னேன்.

பிளம்பருக்கும் யோசனை பிடித்துவிட்டது. "சூப்பரா இருக்கும் சார், வெளிய ஒண்ணுமே தெரியாது" என்றார். இப்படி ஒரு வேலையை எங்கள் இருவரில் யாருமே அதற்கு முன் செய்ததில்லை என்பது பேச்சில் வரவேயில்லை.

குடிபோன பிறகு வந்த குளிர்காலத்தில், தியாகதுருகத்திலிருந்து மாமியார் வந்தார். முழங்கால் வலிக்காரர். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தவர் தரையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாங்க மாப்ள இது? தரை கதகதன்னு கீது!"

எனக்கும் அப்போதுதான் தெரியும். ஆனாலும் தயங்கவில்லை. "அடியில வெந்நி பைப் போவுதில்லீங்களா அத்தை, அந்தச் சூடுதான். வெளிநாட்ல எல்லாம் தரைய இப்படித்தான் சூடு பண்றாங்க."

சொல்லி முடித்ததும், அது என் திட்டம்தான் என்று நானே நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றவைத்து அந்த இடத்தில் நிற்கச் சொல்லி, "தெரியுதா?" என்று கேட்பேன். தெரியாதவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "டேங்க் ஏன் இப்படிக் காலியாவுது? எந்நேரமும் மோட்டார் ஓடிக்கினே இருக்குது."

"வூட்ல ஆள் ஜாஸ்தி இல்ல?" என்றேன். அது காதில் விழுந்ததிலிருந்து மாமியார் அரை வாளித் தண்ணீரில் குளித்திருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் குளியலறையில் வெந்நீர் நூல்போல வந்து நின்றுபோனது. கூடத்துச் சுவரின் அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. பிளம்பர் வந்து தரையில் கையை வைத்தார். நான் வெளிநாட்டு வீடுகளைப் பற்றி ஆரம்பித்தேன்.

"இல்ல சார், ஜாயிண்ட் வுட்டுப் போச்சு. வெந்நி பூரா கீழதான் போய்க்கினு கீது. நான் ஒட்னதுதான்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

தரையை உடைக்கப் போனபோது மாமியார் குறுக்கே வந்தார். "அப்படியே வுட்டுடுங்களேன், காலுக்கு இதமா கீது." மனைவி சிரிக்க ஆரம்பித்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். டைல்ஸைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து மெல்ல ஆவி எழுந்தது. பிளம்பரும் சிரித்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தால் ஆள் கிடைக்கவில்லை.

பைப் இப்போது வெளிச்சுவரில் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்ணீர் பிரமாதமாகச் சுடுகிறது. முதல் நாள் விளாவாமல் அப்படியே மேலே ஊற்றிக்கொண்டு அலறினேன். தோள் ஒரு வாரம் சிவந்து கிடந்தது.